பழங்கால மோட்டாரும் இடுப்பு வாரும்

அயர்லாந்தில், பார்ஸன்ஸ்டவுன் என்று அக்காலத்தில் வழங்கிய பிர் நகரத்தில், 1869ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31ஆம் தேதி, தம் உறவினரான பார்ஸன்ஸ் குடும்பத்தார் அமைத்திருந்த நீராவி வண்டியில் கணவருடன் அமர்ந்து சென்ற மேரி வார்டு என்னும் மாதரசி, சாலைத் திருப்பமொன்றில் வண்டி குலுங்கியபோது ஆசனத்தினின்றும் தூக்கியெறியப்பட்டு, அவ்வண்டியின் சக்கரத்தின் கீழேயே அகப்பட்டு உயிர் நீத்தார். நுண்ணோக்கியின் வழியே தாம் கண்ட அற்புதங்களைத் தம் கையாலேயே சித்திரங்களாக வரைந்து நூல்கள் இயற்றிப் பிரசித்தி பெற்றிருந்த அவருக்கு அப்போது வயது 42. யந்திர வாகனத்தால் மாண்டோர் வரிசையில் சரித்திரம் அறிந்த முதற்பெயர் அவருடையது என்று சொல்லுவார்கள். அவருடைய பிராணனைக் கவர்ந்தது, உடல் ஆசனத்தை விட்டு அகன்றுபோன அந்த ஒரு கணமே என்பதை, மோட்டாரின் வரலாற்றைப் படிப்போர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1885ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் தேதி, நியூயார்க்கைச் சேர்ந்த எட்வர்டு கிளாக்ஹார்ன் என்பவர், மனித உடலை நிலையான பொருளொன்றோடு கொக்கிகளால் பிணைத்து நிறுத்தும் வார் ஒன்றுக்கு அமெரிக்க அரசாங்கத்தின் காப்புரிமையைப் பெற்றார். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தமது மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரியது 1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் தேதியில். ஓராண்டு இடைவெளியில் உலகுக்கு அறிமுகமான இவ்விரு சாதனங்களும், சாதாரணப் பிரயாணிகளின் காரில் ஒன்றுசேர அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தன. இடையே ஓரிரு இடங்களில் மட்டும் வாரின் பயன் வெளிப்பட்டது. 1902ஆம் ஆண்டு வால்டர் பேக்கர் என்பவர் ஸ்டேட்டன் தீவில் தமது மின்சாரப் பந்தயக் காரைச் செலுத்தியபோது, அது கட்டுக்கடங்காமல் ஓடி வேடிக்கை பார்த்து நின்ற ஜனங்களின் நடுவே பாய்ந்து உயிர்ச்சேதம் விளைத்தது. காரினுள் வாரால் கட்டப்பட்டிருந்த பேக்கரும் அவருடைய துணைவரும் உயிர் பிழைத்தார்கள். 1910ஆம் ஆண்டில், டெக்ஸாஸ் மாகாணத்து ஸான் அன்டோனியோ நகரில் ராணுவ விமானத்தை ஓட்டப் பழகிய பெஞ்சமின் ஃபுலோயிஸ், ஆசனத்திலிருந்து எறியப்படும் அபாயத்தை அனுபவத்தில் உணர்ந்து, குதிரைச் சேணம் தைப்பவர்களிடம் சொல்லித் தோல்வார் ஒன்று செய்வித்துத் தம்மைக் கட்டிக்கொண்டார். ஆகாய விமானம் வாரை இவ்வாறு விரைவில் ஏற்றுக்கொண்டது. தரையில் ஓடும் மோட்டாரோ அதை ஏற்க மறுத்தது.

அந்த மறுப்புக்குக் காரணம் ஜனங்களிடையே வேரூன்றியிருந்த ஓர் அபிப்பிராயம். விபத்து நேருமாயின் வண்டியினின்றும் வெளியே வீசப்படுவதே க்ஷேமம், உள்ளே கட்டுண்டு கிடந்தால் தீக்கு இரையாவோம் என்று பலரும் மனப்பூர்வமாக நம்பினார்கள். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி உருவான ஃபோர்டு மாடல் டி காரில், பெரும்பாலான ஆண்டுகளில், பெட்ரோல் தொட்டி முன்னாசனத்தின் அடியிலேயே இருந்தது என்பதை நினைக்கும்போது, அந்த அச்சத்தை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதைத் தகர்க்க ஆராய்ச்சியே தேவைப்பட்டது. முதல் உலக யுத்தத்தின்போது, 1917இல், பயிற்சி விமானங்கள் இரண்டு ஆகாயத்தில் மோதியதில் படுகாயமுற்றும் உயிர் தப்பிய ஹியூ டிஹேவன், தம் உடலின் உட்பகுதியைக் கிழித்தது தாம் அணிந்திருந்த வாரின் கூரிய கொக்கியே என்ற முடிவுக்கு வந்தார். அவர் வாரை வெறுத்து ஒதுக்கவில்லை. அதை எவ்வாறு அமைத்தால் காக்கும், எவ்வாறு அமைத்தால் கொல்லும் என்ற விசாரணைக்கே தம் வாழ்நாளைச் செலவிட்டார். அவருடைய முயற்சியால் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த விபத்துக் காய ஆராய்ச்சி, வெளியே வீசப்பட்டவர்களே பெரிதும் மாண்டார்கள் என்ற உண்மையைச் சந்தேகமறத் தெரிவித்தது.

இதே காலத்தில் ஜான் பால் ஸ்டாப் என்னும் ராணுவ வைத்தியர் செய்த காரியம் எண்ணுந்தோறும் என்னை வியப்பில் ஆழ்த்துகிறது. 1954ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி, நியூ மெக்ஸிகோவிலுள்ள ஹாலோமன் விமான தளத்தில், ராக்கெட்டுகள் தள்ளிச் செல்லும் சறுக்கு வண்டியொன்றில் வார்களால் தம்மை இறுகக் கட்டிக்கொண்டு, மணிக்கு 632 மைல் வேகத்தை எட்டி, ஒன்றரை விநாடிக்கும் குறைந்த நேரத்தில் நிலைக்கு வந்தார். அவர் உடல் தாங்கிய விசை புவியீர்ப்பைப் போல 46 மடங்குக்கும் அதிகம். கண்களில் ரத்தம் கட்டிப் பார்வை மங்கியதாயினும், அவர் பிழைத்தெழுந்தார். சரியான இடத்தில் சரியாகக் கட்டப்பட்ட மனித சரீரம் மிகக் கடுமையான மோதலையும் தாங்கவல்லது என்பதைத் தம் உடலையே பரிசோதனைப் பொருளாக்கி நிரூபித்த அவர், பிற்பாடு கார்களில் வார் வேண்டுமென்று ஓயாது வாதாடினார்.

1949இல் நாஷ் கம்பெனி தன் கார்களில் வாரை வைத்தபோது, கழற்றிவிடும்படி கேட்டவர்களும் இருந்தார்கள். 1956ஆம் ஆண்டுக் கார்களில் ஃபோர்டு அதைக் கூடுதல் விலைக்கு விற்றது. 1959இல் ஸ்வீடனின் வால்வோ கம்பெனியில், முன்பு விமானங்களுக்கு வெளியேற்று ஆசனம் வடிவமைத்துத் தேர்ந்திருந்த நில்ஸ் போலின், மார்பையும் இடுப்பையும் ஒருங்கே பிடித்து, ஒரே கையால் பூட்டக்கூடிய மூன்று முனை வாரை உருவாக்கினார். அக்கம்பெனி தன் காப்புரிமையைப் பிறர் தடையின்றிப் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. 1968ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து அமெரிக்காவில் விற்பனையாகும் புதிய கார்களுக்கு வார் கட்டாயமாயிற்று. 1970இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணம் அதை அணிவதையே சட்டமாக்கியது.

வாரைக் கட்டாயமாக்கிய அமெரிக்கச் சட்டம் புதிய கார்களை நோக்கிப் பேசியது. அதற்கு முன்பே தொழிற்சாலையை விட்டு வெளிவந்திருந்த கோடிக்கணக்கான கார்களைப் பற்றி அது மௌனம் சாதித்தது. அவற்றுள் அன்புடன் போற்றிக் காக்கப்பட்டவை இன்றும் ஓடுகின்றன. அவை பிறந்த காலத்துச் சாலை இப்போது இல்லை. மாடல் டி காரின் உச்ச வேகம் மணிக்கு 40 முதல் 45 மைல். அதன் கால் பிரேக் சக்கரங்களைப் பிடிக்காமல் கியர்ப் பெட்டியைப் பிடிக்கும். கைப்பிடி நெம்புகோல் பின் சக்கரங்களை மட்டுமே நிறுத்தும். அத்தகைய வண்டி, நொடியில் நிற்கவல்ல நவீன வாகனங்களின் நடுவே இன்று செல்லும்போது, தன் பிழையால் அன்றிப் பிறர் பிழையால் மோதலுக்கு ஆளாகக்கூடும். ஆகவே, பழங்காரை வைத்திருப்போர் பலர் அதில் வார் பொருத்த விரும்புவது நியாயமே.

ஆனால் அந்த வாரை எங்கே கட்டுவது? பழங்கார் விஷயத்தில் முழுப் பிரச்னையும் இந்த ஒரு கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. மணிக்கு 30 மைல் வேகத்தில் செல்லும் கார் பத்தில் ஒரு விநாடியில் நிற்குமாயின், 70 கிலோ எடையுள்ள மனிதரை வார் ஏறக்குறைய 950 கிலோ பளுவுக்குச் சமமான விசையோடு இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். அந்த விசை முழுவதும் வாரின் முனைகளிலுள்ள ஓரிரு போல்ட்டுகளின் வழியே காரின் உடலுக்குள் இறங்குகிறது. 1920களில் அமைந்த கார்களில் பல, மரச்சட்டத்தின்மேல் மெல்லிய தகடு போர்த்த உடலை உடையவை. காலடியில் இருப்பது மரப்பலகை. அப்பலகையில் துளையிட்டுச் சிறு வாஷரோடு முடுக்கிய போல்ட், மோதலின்போது வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஆசனத்தின் சட்டத்தில் கட்டுவதும் இவ்வாறே பயனற்றது. அந்த ஆசனமே பெயர்ந்து மனிதனோடு முன்னே பாயும். வார் பூட்டியிருக்கிறோம் என்ற தைரியத்தில் சற்று வேகமாகவே செல்லும் மனிதனுக்கு, இத்தகைய வார் இல்லாதிருப்பதைவிடக் கேடு என்பது என் துணிபு.

இதை அறிந்த தொழிலாளிகள், காரின் அடிச்சட்டமாகிய சேஸிஸின் இரு நெடும் எஃகுத் தண்டுகளுக்கும் குறுக்கே வலுவான இரும்புப் பட்டையொன்றைப் பிணைத்து, தரைப்பலகையிலுள்ள பிளவின் வழியே வாரை மேலே கொண்டுவருகிறார்கள். முழுதும் எஃகால் ஆன பிற்காலக் கார்களில், துருப்பிடிக்காத தரைத்தகட்டின் அடிப்புறம் உள்ளங்கையளவு அகலமும் நல்ல தடிப்பும் கொண்ட இரும்புத் தகட்டை வைத்து, இத்தொழிலில் வழக்கமான 7/16 அங்குல உயர்தரப் போல்ட்டை அதன் ஊடே முடுக்குகிறார்கள். வாரின் முனை ஆசனத்துக்கு வெகுதூரம் பின்னே இருக்கலாகாது. அப்படியிருந்தால் வார் இடுப்பெலும்பை விட்டு மேலேறி வயிற்றை அறுக்கும். பிழையாக அமைந்த வாரே காயம் விளைக்கும் என்பது டிஹேவன் தம் உடலால் கற்ற பாடம். தரையினின்றும் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் எழுந்து, தொடைகளின் மேற்புறத்தே தாழ்ந்து படியும் வாரே உயிர் காக்கும். வெயிலில் வெளுத்த பழைய நாடாவை அழகு கருதி மீண்டும் பூட்டுவதும் தவறு. நாடா மட்டும் புதிதாகவே இருக்க வேண்டும்.

பழமையைப் போற்றுவோரிடம் ஒரு கவலை உண்டு: தொழிற்சாலை தராத ஒன்றைச் சேர்ப்பது வண்டியின் உண்மைத் தன்மையைக் கெடுக்குமே என்பார்கள். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆயினும், ஏற்கெனவே உள்ள துளைகளையே பயன்படுத்தியும், கூட்டிய பட்டைகளைப் பின்னால் சுவடின்றி அகற்றும் வண்ணம் அமைத்தும் இப்பணியைச் செய்யலாம். பொருட்காட்சியில் நிற்கும் காருக்கு வார் வேண்டியதில்லை; குடும்பத்தை ஏற்றிச் சாலையில் செல்லும் காருக்கு வேண்டும் என்பதே என் கருத்து.

தோள்வார் பொருத்துவது இன்னும் கடினம். அதன் மேல்முனை தோளின் உயரத்திலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். ஆசனத்தின் பின்புறத் தரையிலிருந்து இழுத்துக்கட்டினால், மோதலில் அது முதுகெலும்பைக் கீழ்நோக்கி நசுக்கும். மூடிய காரில் கதவுக்கு அடுத்த தூணை வலுப்படுத்தி அம்முனையை அமைக்கலாம். கூரையற்ற திறந்த காரில் அத்தகைய தூணே இல்லை. ஆகையால் அங்கே பெரும்பாலோர் இடுப்பு வாரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இடுப்பு வார் வெளியே வீசப்படுவதைத் தடுக்கும். மார்பு ஸ்டியரிங் தண்டின்மேல் மோதுவதைத் தடுக்காது. மடியாத அந்த நீண்ட எஃகுத் தண்டு, 1960களின் பிற்பகுதி வரையில் பெரும்பாலான கார்களில் ஓட்டுபவரின் நெஞ்சை நோக்கியே நின்றது. கவிழ்ந்தால் தாங்குவதற்குக் கூரையில்லாத காரில் கட்டுண்டிருப்பது நன்றா என்று கேட்போரும் உளர். வீசப்பட்டோரின் கதியைக் கார்னெல் ஆராய்ச்சி காட்டிய பிறகு, கட்டுண்டிருப்பதே மேல் என்ற பக்கமே நான் சாய்கிறேன்.

பிரிட்டனில், வாரில்லாமலே தயாரான பழங்காரைப் பெரியவர்கள் அப்படியே ஓட்டிச் செல்லச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையை அத்தகைய காரில் ஏற்றுவதற்கு அனுமதியில்லை. அதற்கு மேற்பட்ட சிறுவர்களும் பின்னாசனத்தில் மட்டுமே அமரலாம்.