ஜீப்பும் ஜெர்ரிகேனும் என் சிவப்புப் பேனாவும்

போன வாரம் பேரன் தன் டேப்லெட்டில் ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தான். 1944 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவம் ஜீப்புக்காக அச்சிட்ட கையேடு. தாத்தா வேலை பார்த்த காலமெல்லாம் ஜீப் கதைதானே சொல்வார் என்று தேடிப் பிடித்திருக்கிறான். உண்மையில் நான் ஜீப் ஓட்டியவன் அல்லன். லாக் புக் பார்த்த குமாஸ்தா. பிரெஞ்சில் படித்து வந்தவனுக்கு ஆங்கிலக் கையேடு கொஞ்சம் மெதுவாகத்தான் நகரும். இரண்டு இரவுகள் ஆயின. படிக்கப் படிக்க ஒரு பழைய கணக்கு மனதில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு முன் ஜீப்பின் கதை கொஞ்சம்.

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது. நான்கு சக்கரமும் இழுக்கும் சிறிய வண்டி வேண்டும், மாதிரி வண்டி 49 நாளில் வாசலில் நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. நம் டெண்டர்களில் 49 நாளில் கவர் பிரிப்பதே பெரிய காரியம்! பான்டம் என்ற சின்னக் கம்பெனி கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளரைப் பிடித்து வரைபடம் போட வைத்து, செப்டம்பர் 23-ஆம் தேதி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. ஆனால் பெரிய ஆர்டர் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது. யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் செய்துவிட்டார்கள்.

யுத்தத்துக்குப் பின் இந்த வண்டி ஊர் ஊராகப் பரவியது. பிரான்சில் ஒட்ச்கிஸ் கம்பெனி உரிமம் வாங்கி 1966 வரை செய்தது. இங்கே நாற்பதுகளின் இறுதியில் மகிந்திரா பம்பாயில் பாகங்களை வரவழைத்துப் பூட்ட ஆரம்பித்து, பிறகு முழு வண்டியையும் செய்தது. எங்கள் அலுவலகத்தில் நின்றது பானெட் உயர்ந்த பெட்ரோல் ஜீப். அந்த உயரத்துக்குக் காரணம் உள்ளே இருந்த உயரமான எஞ்சின்தான். பின்னால் வந்த டீசல் ஜீப்புகளில் பெஜோ எஞ்சின் என்று கேள்விப்பட்டபோது என்னைப் போன்ற பழைய புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு சின்னப் பெருமை. ஏன் என்று கேட்காதீர்கள்.

கையேட்டுக்கு வருகிறேன். ஓட்டுபவனின் வேலையை அதில் நான்காகப் பிரித்திருக்கிறார்கள். கிளம்பும் முன், ஓடும்போது, வழியில் நிற்கும்போது, திரும்பி வந்த பின். இதற்கு மேல் வாரப் பராமரிப்பு வேறு. எங்கள் டிரைவர் இந்தப் புத்தகத்தைக் கண்ணால் கண்டவர் அல்லர். ஆனாலும் அவர் செய்தது இதுதான். காலை ஏழரைக்கு வந்து பானெட்டைத் திறப்பார். தண்ணீர், எண்ணெய், பேட்டரி, ஃபேன் பெல்ட். பிறகு ஒரு கோணியை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, கிரீஸ் கன்னை ஒவ்வொரு நிப்பிளாக வைத்து அழுத்துவார். கோரிமேட்டுச் செம்மண்ணில் ஓடி வந்தால் ஏர் கிளீனரைக் கழற்றுவார். அதன் அடியில் கிண்ணம் போல ஒன்று இருக்கும். எஞ்சினுக்குப் போகும் காற்று அந்த எண்ணெயைத் தடவிக்கொண்டு போகும், தூசி எண்ணெயில் தங்கிவிடும். எண்ணெய் சிவப்புச் சேறாகியிருக்கும். துடைத்துப் புது எண்ணெய் ஊற்றுவார். அதற்கு அவர் கேட்கும் அரை லிட்டருக்கு நான் வவுச்சர் கேட்பேன்.

யுத்த கால ஜீப்பில் இடப்பக்கம் கோடரியும் மண்வாரியும், பின்னால் ஸ்டெப்னியோடு ஒரு ஜெர்ரிகேனும் இருக்கும். ஜெர்ரி என்பது ஜெர்மன்காரனுக்குப் பட்டாளத்தார் வைத்த பெயர். 20 லிட்டர் டப்பா, மூன்று கைப்பிடி. ஒருவன் தனியாகவும் தூக்கலாம், இருவர் சேர்ந்தும் தூக்கலாம். இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. பால் பிளெய்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1939 கோடையில் பெர்லினிலிருந்து தரை வழியாக இந்தியாவுக்கு வண்டியில் கிளம்பினார். குடிதண்ணீர் வைக்க ஏதுமில்லை. கூட வந்த ஜெர்மன் நண்பர், விமான நிலையத்தில் அடுக்கியிருந்த ரகசிய டப்பாக்களில் மூன்றை எடுத்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் நண்பரை விமானம் அனுப்பித் திருப்பி அழைத்துவிட்டார்கள். பிளெய்ஸ் மட்டும் கல்கத்தா வந்து சேர்ந்து, வண்டியை அங்கே விட்டுவிட்டு ஊர் திரும்பினார். டப்பாவைப் பற்றி ராணுவத்திடம் சொன்னார், யாரும் காது கொடுக்கவில்லை. பிறகு ஒழுகும் தகர டின்களோடு ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பெட்ரோலைக் கொட்டித் தீர்த்த பின்புதான் ஆங்கிலேயர் ஜெர்மன் டப்பாவை அப்படியே காப்பியடித்தார்கள்.

எங்கள் டிரைவரிடம் ஜெர்ரிகேனோடு ஒரு வடக்கயிறும் ஒரு புளியமரப் பலகையும் இருக்கும். சேற்றில் ஜாக்கி வைத்தால் ஜாக்கிதான் கீழே போகும், வண்டி மேலே வராது. அதற்கு அந்தப் பலகை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி. பாகூர்ப் பக்கம் வெள்ளம். நிவாரண அரிசி மூட்டைகளோடு எங்கள் ஜீப் போனது, கணக்கெழுத நானும் போனேன். சாலை எது, வயல் எது என்று தெரியவில்லை. தண்ணீரில் இறங்கும் முன் அவர் ஃபேன் பெல்ட்டைக் கழற்றினார். ஃபேன் சுற்றினால் தண்ணீரை வாரி டிஸ்ட்ரிபியூட்டர் மேல் அடிக்கும், வண்டி நின்றுவிடும். மூடியைச் சுற்றிக் கிரீஸைப் பூசினார். அந்த வாரத்தில் ஐந்தாறு தடவை அப்படி இறங்கி ஏறினோம்.

வெள்ளம் வடிந்ததும் அவர் என் மேசைக்கு வந்தார். "சார், ரெண்டு ஆக்சில், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாத்துக்கும் எண்ணெய் மாத்தணும். வீல் பேரிங் கழட்டிக் கிரீஸ் வைக்கணும்."

"போன மாசம்தானே அண்ணே மாத்தினீங்க? கிலோமீட்டர் இன்னும் ஆகலையே. ஆடிட்ல கேப்பான்."

இண்டெண்டில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன். அவர் நின்று பார்த்தார். "தண்ணி உள்ள போயிருக்கும் தம்பி," என்றார். எப்போதும் சார் என்பவர், அன்று தம்பி என்றார்.

நான் கிலோமீட்டரைத்தான் பார்த்தேன். ஓடிச் சூடான ஆக்சில் திடீரென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும்போது சீல் வழியாகவும் மூச்சு விடும் சின்ன ஓட்டை வழியாகவும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். எண்ணெய் பால் விட்ட காப்பி நிறமாகும். அதற்கப்புறம் அது எண்ணெய் இல்லை. பேரிங் துருப்பிடிக்கும்.

தை முடிவதற்குள் பின் ஆக்சில் நடுரோட்டில் இறுகி நின்றது. பராமரிப்பில் கவனக்குறைவு என்று டிரைவருக்கு மெமோ. கார்பன் வைத்து மூன்று பிரதி டைப் அடித்தவன் நான்தான். அந்த இண்டெண்ட் என் ஃபைலில்தான் இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் எடுத்துக் காட்டவில்லை. அவருக்கு ஓராண்டு இன்கிரிமெண்ட் நின்றது. தன் பதிலில் அவர் என் பெயரை எழுதவில்லை.

ஓய்வு பெற்ற அன்று வண்டியின் சாமான்களை அவர் ஒப்படைத்தார். பட்டியலை வைத்து நான் டிக் அடித்தேன். ஜாக்கி ஒன்று, கிரீஸ் கன் ஒன்று, ஜெர்ரிகேன் ஒன்று, கயிறு ஒன்று. புளியமரப் பலகை பட்டியலில் இல்லை. அது அவருடைய சொந்தப் பலகை. எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "வர்ற பையனுக்கு வேணும் சார், இருக்கட்டும்," என்று சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.