ரூபாய்க் கட்டுரையை எடைபோடுதல்

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை 'நல்ல கட்டுரை' என்று தேற ஆறு அளவுகோல்கள் உண்டு: நடை, சரிபார்க்கத்தக்க சான்று, பரப்பு, நடுநிலை, நிலைத்தன்மை, படங்கள். இந்திய ரூபாயைப் பற்றிய ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையை நம் மாணவர்கள் மதிப்பிட உட்கார்ந்தால், பரப்பு, நடுநிலை ஆகிய இரண்டையும் அழுத்திப் பார்க்க வேண்டும் என்பேன்.

சேர்ஷா சூரியின் வெள்ளி நாணயம், 1835ஆம் ஆண்டு நாணயச் சட்டம், 180 கிரெயின் எடையில் 165 கிரெயின் தூய வெள்ளி, 16 அணா, 64 பைசா, 1957இல் வந்த நயா பைசா, 2010இல் வந்த குறியீடு. இவையெல்லாம் இருக்க வேண்டியவைதாம். ஆனால் ரூபாயின் மதிப்பை யார் தீர்மானித்தார்கள், அதனால் யார் வயிறு காய்ந்தது என்று கேட்காத கட்டுரைக்குப் பரப்பு உண்டு என்று எப்படிச் சொல்வது?

அந்தக் கேள்வியை நூறாண்டுகளுக்கு முன்பே கேட்டவர் அண்ணல் அம்பேத்கர். வெள்ளியைக் கொடுத்து ரூபாயாக அடித்துக்கொள்ளும் பொதுமக்களின் உரிமையை 1893இல் பிரிட்டிஷ் அரசு நிறுத்தியது. ஆனால் தான் அடிக்கும் அதிகாரத்தைக் கைவிடவில்லை. இதிலிருந்து வளர்ந்த தங்கப் பரிமாற்ற முறையைக் கெய்ன்ஸ் 1913இல் ஆதரித்து எழுதினார். 1923இல் லண்டனில் வெளிவந்த 'ரூபாயின் சிக்கல்' நூலில் அம்பேத்கர் அதை மறுத்தார். வரம்பில்லாமல் நாணயம் வெளியிடும் அதிகாரம் இருக்கும்வரை ரூபாயின் வாங்கும் சக்திக்கு உறுதி இல்லை. பொதுமக்களுக்கு மூடிய நாணயச்சாலையை அரசுக்கும் மூட வேண்டும் என்பது அவர் வாதம். ரூபாய் மதிப்பிழந்தால் ஏற்றுமதி வணிகர் லாபம் பார்ப்பார். விலையேற்றத்துக்கு ஈடாகக் கூலி உயராததால் உழைப்பவர் இழப்பார். நூலுக்கு முன்னுரை எழுதிய எட்வின் கேனன் பல இடங்களில் அவரோடு உடன்படவில்லை. அதையும் சேர்த்து எழுதுவதே நடுநிலை.

அதே நடுநிலை நமக்கும் வேண்டும். 'அம்பேத்கரின் நூலால்தான் ரிசர்வ் வங்கி உருவானது' என்று மேடைகளில் சொல்கிறோம். ஹில்டன் யங் ஆணையத்தின் முன் 1925இல் அவர் சாட்சியம் அளித்தார். மைய வங்கி வேண்டும் என்று அந்த ஆணையம் 1926இல் பரிந்துரைத்தது. 1934இல் சட்டம் வந்தது. 1935 ஏப்ரல் 1 அன்று வங்கி இயங்கத் தொடங்கியது. இவை ஆவணத்தில் உள்ளவை. நூலின் மையமோ நாணய வெளியீட்டுக்கு வரம்பு கட்டுவது; வங்கிக்கான திட்ட வரைவு அன்று. மிகைப்படுத்திச் சொன்னால் சான்று கேட்டு நீக்குவார்கள். அந்த வரியோடு அம்பேத்கரின் பெயரும் போய்விடும்.

இன்னொரு வரலாறும் நாணயத்தில் இருக்கிறது. 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய வார இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. ரூபாயில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு அதன் விலை. அந்த விலையே இதழின் பெயருமானது. அதே காலத்தில் பண்ணையாள்களில் பலருக்குக் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. 1968இல் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்டதற்குப் பின்னால் இருந்ததும் நெல் கூலி உயர்வுக்கான போராட்டம்தான். ரூபாய் யார் கைக்கு வந்தது, யார் கைக்கு வரவில்லை என்பதும் ரூபாயின் வரலாறே.

மாணவத் தோழர்களே, குறை சொல்லிவிட்டு எழுந்து போகாதீர்கள். விடுபட்டதை நீங்களே எழுதுங்கள். அம்பேத்கரின் நூலைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்க எண்ணோடு எழுதுங்கள்.