சென்னையின் பால்புதுமை இளைஞர்கள்: காவல் நிலையம் முதல் வகுப்பறை வரை

பால்புதுமையர் என்பது தற்பாலீர்ப்பு உடையவர், இருபாலீர்ப்பு உடையவர், திருநங்கையர், திருநம்பியர், இடைப்பாலினர் முதலியோரை ஒருங்கே சுட்ட இன்று தமிழில் வழங்கும் சொல். இவர்களுள் இளையோர் சென்னையில் தம்மை எவ்வாறு அறிந்துகொண்டனர், அவர்களுடைய உடல்நலமும் மனநலமும் எப்போது பொதுக் கவனத்துக்கு வந்தன, உரிமைக்காக அவர்கள் எவ்வாறு ஒன்றுகூடினர் என்பவற்றை இக்கட்டுரை கூறுகிறது. காலம் பெரும்பாலும் 1986 முதல் 2025 வரை.

இந்த வரலாற்றில் ஒரு வரிசை தெரிகிறது. இவர்களைப் பற்றி முதலில் பேசியது காவல் நிலையம். அடுத்து மருத்துவமனை, அதன்பின் நீதிமன்றம். பள்ளிக்கூடம் கடைசியில்தான் வந்தது. நெடுங்காலம் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் அந்தக் கடைசி இடத்தைப் பற்றிச் சற்றுக் கூடுதலாக எழுதியிருக்கிறேன்.

பழைய சொற்களும் புதிய சட்டமும்

ஆண், பெண் என்ற இரண்டில் அடங்காதவரைக் குறிக்கும் சொற்கள் தமிழில் மிகப் பழையவை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே இத்தகையோரைக் குறிக்கும் பெயர்களை உயர்திணைக்குள் வைத்து, அவற்றுக்கு வினைமுடிபு எவ்வாறு அமையும் என்று விதி சொல்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலுள் பேடியாடலும் ஒன்று. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் கூத்தாண்டவர் கோயிலில் சித்திரைத் திருவிழா இன்றும் நடைபெறுகிறது. இவற்றைக் கொண்டு பழங்காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று முடிவு கட்டுவது பிழை. அந்தப் பழஞ்சொற்களுள் சில பின்னாளில் வசைச்சொற்களாயின என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ஆயினும் இலக்கணம் அவர்களை உயர்திணையில் வைத்தது என்பது வகுப்பில் சொல்லத் தக்க செய்தி. நான் அதை நூற்பாவுக்குப் பொருள் கூறும் அளவில் மட்டுமே நடத்திக் கடந்தேன்.

1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு, இயற்கைக்கு மாறான உறவு என்று அது கருதியதற்கு ஆயுள் தண்டனை வரை விதித்தது. அதன்படி நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர் சிலரே. ஆனால் பூங்காவிலோ கடற்கரையிலோ ஓர் இளைஞனை நிறுத்தி மிரட்டவும், பணம் பறிக்கவும், வீட்டில் சொல்லிவிடுவேன் என்று அச்சுறுத்தவும் அந்தச் சட்டம் போதுமானதாக இருந்தது.

மருத்துவமனை வழியாக வந்த கவனம்

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் ஆய்வு மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, சென்னையில் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. இந்தியாவில் அந்தக் கிருமி கண்டறியப்பட்டது அதுவே முதல்முறை. சுனிதி சாலமன் 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கினார். 1994-இல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது.

ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களைப் பற்றி அரசுக் கோப்புகள் பேசத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான். 1998-இல் சுனில் மேனன் சென்னையில் சகோதரன் அமைப்பை நிறுவினார். ஆணுறை, இரத்தப் பரிசோதனை, பால்வினை நோய்க்கு மருத்துவம் ஆகியவை அந்தப் பணியின் வெளிப்படையான பகுதி. வெளியே அதிகம் தெரியாத பகுதி, அங்கே வந்து உட்கார ஓர் இடம் கிடைத்தது. கோத்தி, பந்தி என்று தமக்குள் சொற்களை வழங்கிவந்த உழைக்கும் வகுப்பு இளைஞர்கள் ஒருவரையொருவர் பயமின்றிச் சந்திக்க அத்தகைய இடங்கள் உதவின.

இந்த வழிக்கு ஒரு குறையும் இருந்தது. நிதி நோய்த்தொற்றின் கணக்கைப் பின்தொடர்ந்து வந்தது. எனவே யாருக்குத் தொற்று அபாயம் மிகுதி என்று கருதப்பட்டதோ அவர்களுக்கே திட்டம். பெண்ணை விரும்பும் பெண்ணுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. பதினெட்டு வயது நிரம்பாதவருக்கும் இல்லை. அவர்களைப் பதிவு செய்தால் சட்டச் சிக்கல் வரும் என்று நிறுவனங்கள் தயங்கின. பதினான்கு, பதினைந்து வயதில் தன்னைப் பற்றிக் குழம்பும் பிள்ளைக்கு ஆணுறையைவிட, நீ நோயாளி அல்ல என்று சொல்லும் ஒருவரே முதல் தேவை. அதற்கு எந்தத் திட்டத்திலும் தலைப்பு இல்லை.

நோயாளி அல்ல என்பது மருத்துவ உலகுக்குத் தெரியாததும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று தற்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. இந்திய மனநல மருத்துவர் சங்கம் இதைத் தெளிவாக அறிவித்தது 2018-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் பெற்றோர் பிள்ளைகளை மருத்துவரிடமும் சாமியாடியிடமும் மாறி மாறி அழைத்துச் சென்றனர்.

அபிராமபுரத்தை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரத்தில் இன்று இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையமும் 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமாரால் தொடங்கப்பட்டதே. அது எல்லோருக்கும் பொதுவானது. அழைப்பவர் யார், எவரை விரும்புகிறார் என்று அங்கே கேட்பதில்லை. தனித் திட்டம் இல்லாத காலத்தில் இத்தகைய பொது வாசல்கள்தாம் சிலருக்கேனும் திறந்திருந்தன. எல்லோரும் அந்த வாசலை அடைந்தனர் என்று சொல்ல முடியாது. 2008 மே மாதத்தில் வடசென்னையில் நெடுநாள் தோழியரான இரு பெண்கள் குடும்பத்தார் பிரிக்க முயன்றதால் ஒன்றாக உயிர் நீத்தனர். செய்தித்தாள்களில் அது ஓரிரு நாள் செய்தி.

ஓரினமும் மெரினாவும்

அதே 2008-ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று தமிழ்நாடு அரசு, அன்று அரவாணிகள் என்று அழைக்கப்பட்டவர்களுக்காக நல வாரியம் அமைத்தது. இந்தியாவில் இத்தகைய வாரியம் இதுவே முதலாவது. குடும்ப அட்டை, அரசு மருத்துவமனையில் அறுவை மருத்துவம், தொழிற்கடன் ஆகியவை இதன் வழியே வந்தன. திருநங்கை என்ற சொல் அரசு வழக்கிலும் நாளிதழ்களிலும் நிலைபெற்றது. அந்த ஆண்டில் விஜய் தொலைக்காட்சியில் ரோஸ் என்ற திருநங்கை தொகுத்தளித்த ‘இப்படிக்கு ரோஸ்’ நிகழ்ச்சி வீட்டுக் கூடங்களுக்குள் வந்தது. என் தெருவில் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்று சொன்னவர்கள் பலர்.

வாரியத்தின் பயன் பெரும்பாலும் திருநங்கையரையே சேர்ந்தது. திருநம்பியர் வெகுநாள் கண்ணில் படவில்லை. தற்பாலீர்ப்பு உடைய இளையோருக்கு வாரியமும் இல்லை, சொல்லும் இல்லை. அவர்கள் தாமாகவே கூடினர். 2003-இல் நண்பர் குழுவாகத் தொடங்கி, 2006-இல் ஓரினம் என்று பெயர் சூட்டிக்கொண்ட தன்னார்வக் குழு அவற்றுள் முக்கியமானது. பதிவு செய்யப்பட்ட நிறுவனமாகாமல், நோய்த்தடுப்பு நிதியை நம்பாமல் இயங்கியதால் அது தன் பேச்சைத் தானே தீர்மானிக்க முடிந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் தகவல்களை வெளியிட்டது. தன் நிலையைப் பெற்றோரிடம் சொல்வது எப்படி, சொன்னபின் பெற்றோர் என்ன செய்வது என்பவற்றுக்கு அதில் இடம் இருந்தது. தொடக்கத்தில் ஆங்கிலம் படித்த நடுத்தர வகுப்பினரே இக்குழுவில் மிகுதி. சகோதரனுக்கு வந்தவர்களும் இவர்களும் ஒரே நகரத்தில் வெவ்வேறு மொழி பேசினர் என்று சொல்வது மிகையாகாது.

அவர்கள் சேர்ந்து நடந்த நாள் 2009 ஜூன் 28. சென்னையின் முதல் வானவில் பேரணி அன்று மெரினாவில் நடந்தது. சிலர் முகமூடி அணிந்திருந்தனர். நான்கு நாள் கழித்து, ஜூலை 2 அன்று, தில்லி உயர் நீதிமன்றம் வயது வந்தோர் விருப்பத்தோடு கொள்ளும் உறவு 377-ஆம் பிரிவின்படி குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அந்த வழக்கில் தம் பிள்ளைகளுக்காகப் பெற்றோர் சிலரும் மனுச் செய்திருந்தனர் என்பது நினைவில் கொள்ளத் தக்கது. 2014 ஏப்ரல் 15 அன்று திருநர் உரிமைத் தீர்ப்பு வந்தது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக 377-இன் அந்தப் பகுதியை நீக்கினர். சட்டத்தின் முன் குற்றவாளியாக இருந்தவர், இல்லாமல் போய், மறுபடி குற்றவாளியாகி, மறுபடி விடுபட்டார். இவ்வளவும் ஒருவர் பள்ளியில் சேர்ந்து கல்லூரி போவதற்குள் நடந்தது.

இதற்கிடையே மதுரையில் கோபி சங்கர் முதலிய இளைஞர்கள் சிருஷ்டி அமைப்பைத் தொடங்கி, 2012-இல் விழா நடத்தித் தமிழ்ச் சொற்களைப் பரப்பினர். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இடைப்பாலினக் குழந்தைகளுக்கு ஆண், பெண் என்று வகைப்படுத்தும் நோக்கில் அறுவை செய்வதைத் தடுக்க உத்தரவிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அதை ஆணையாக்கியது. உயிருக்கு ஆபத்து நேரும் நிலை மட்டும் விலக்கு. இந்தியாவில் இதற்கும் தமிழ்நாடே முதல்.

ஒரு நீதிபதி பாடம் கேட்ட கதை

2021-இல் மதுரையைச் சேர்ந்த 22, 20 வயதுப் பெண்கள் இருவர் ஒன்றாக வாழ விரும்பிச் சென்னைக்கு வந்தனர். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தனர். காவல்துறை விசாரணை தொல்லையாகவே, பெண்கள் உயர் நீதிமன்றத்தை நாடினர். வழக்கை விசாரித்த நீதிபதி ந. ஆனந்த் வெங்கடேஷ், இந்தப் பொருளைத் தாம் முழுதும் அறியவில்லை என்று திறந்த மன்றத்தில் ஒப்புக்கொண்டார். பெண்களையும் பெற்றோரையும் உளவியலாளரிடம் அனுப்பியதோடு நிற்கவில்லை. தாமே உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்தார். திருநங்கை மருத்துவர் ஒருவரையும் இச்சமூகத்தினர் வேறு சிலரையும் சந்தித்துப் பேசினார். அறியாமை பாகுபாட்டுக்கு நியாயமாகாது என்ற கருத்தைத் தம் ஆணையில் பதிவு செய்தார்.

2021 ஜூன் 7 அன்று வந்த ஆணை நீண்டது. வயது வந்தோர் விருப்பத்தோடு சேர்ந்து வாழ்வது தெரிந்தால் காணாமல் போன புகாரைக் காவல்துறை முடித்துவிட வேண்டும். பாலீர்ப்பை மாற்றுகிறேன் என்று மருத்துவம் செய்வது கூடாது. காவலர், நீதிபதி, மருத்துவர், ஆசிரியர், பெற்றோர் அனைவருக்கும் விழிப்புணர்வுப் பயிற்சி வேண்டும். இதன் தொடர்ச்சியாக 2022 பிப்ரவரியில் காவலர் நடத்தை விதிகளில் பால்புதுமையரைத் துன்புறுத்தக் கூடாது என்ற விதி சேர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், மாற்றும் மருத்துவம் தொழில் நெறி மீறல் என்று மாநில மருத்துவ மன்றங்களுக்கு எழுதியது.

வகுப்பறை

இனிப் பள்ளி. 2006 இறுதியிலேயே தமிழ்நாடு அரசு, பாலின அடையாளத்தைக் காட்டிப் பள்ளி, கல்லூரிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று ஆணையிட்டிருந்தது. நான் பணியாற்றிய இடத்தில் அதை எவரும் படித்துக் காட்டியதாக நினைவில்லை. நானும் தேடிப் படிக்கவில்லை.

2021 நவம்பரில் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு, பால்மாறிய குழந்தைகளைப் பள்ளியில் இணைத்துக்கொள்வது குறித்து ஆசிரியர்களுக்கான கையேடு ஒன்றை இணையத்தில் வெளியிட்டது. கழிப்பறை, சீருடை, கேலி, பெயர் அழைப்பு என்று அன்றாடச் சிக்கல்களைப் பேசிய நூல் அது. புகார் எழவே சில நாட்களில் நீக்கப்பட்டது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த அவசர நீக்கத்தைக் கடிந்துகொண்டார். ஆசிரியர்களுக்கென்று எழுதப்பட்ட ஒன்றை ஆசிரியர்கள் படித்துக் கருத்துச் சொல்வதற்கு முன்பே எடுத்துவிட்டது எனக்கு இன்றும் ஏற்புடையதாக இல்லை.

தொண்ணூறுகளில் என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். நடை, குரல் இரண்டுக்கும் பையன்கள் ஒரு சினிமாப் பட்டப்பெயர் வைத்திருந்தனர். ஒருநாள் அவன் செய்யுளை ஒப்பிக்க எழுந்தபோது வகுப்பு சிரித்தது. நான் அதட்டவில்லை, எனக்கும் சிரிப்பு வந்தது. அரையாண்டுக்குப் பின் அவன் வரவில்லை. தொடர்ந்து வராதவர் என்று வருகைப் பதிவேட்டில் பெயரைச் சிவப்பு மையால் அடித்தது நான்தான். வீட்டுக்குப் போய் விசாரிக்கும் வழக்கம் மற்ற பிள்ளைகளுக்கு எனக்கு உண்டு. பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, மாற்றுச் சான்றிதழும் இன்றி வெளியேறும் ஒருவருக்குப் பின்னாளில் வாரியமும் அட்டையும் எவ்வளவு ஈடு செய்ய முடியும் என்பதை அப்போது நான் நினைக்கவில்லை.

பள்ளியைத் தாண்டிக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கு நிலை சற்று மாறியிருக்கிறது. கிண்டியை ஒட்டிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவர்கள் வண்ணம் என்ற குழுவை நடத்துகின்றனர். 2018 வழக்கில் அக்கழகங்களில் பயின்ற இருபது பேரும் மனுதாரர்கள்.

சொல் பற்றிய முயற்சியும் நடந்தது. எந்தச் சொல்லால் அழைப்பது என்ற கேள்வி நீதிமன்றத்தின் முன் வந்து, இச்சமூகத்தினரின் கருத்தைக் கேட்டு, 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு கலைச்சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. இதழ்களில் முன்பு வழங்கிய சேர்க்கை என்று முடியும் சொல், ஒரு மனிதரை ஒரு செயலாகச் சுருக்கியது. ஈர்ப்பு என்று முடியும் சொல் அவ்வாறு செய்வதில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை வாய்விட்டுச் சொல்லக் கூடிய சொல் இதுதான்.

2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு மற்றொரு வழக்கைத் தீர்த்தது. வேலூர் மாவட்டத்தில் 25 வயதுப் பெண்ணைக் குடும்பத்தார் தடுத்து வைத்திருப்பதாக அவருடைய தோழி ஆட்கொணர்வு மனுச் செய்திருந்தார். குடும்பம் என்பது பிறப்பாலும் திருமணத்தாலும் மட்டும் அமைவதன்று, தேர்ந்துகொள்வதாலும் அமையும் என்றது அமர்வு. ‘குயர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் விசித்திரம் என்று பொருள் இருப்பதால் அதைப் பயன்படுத்தத் தமக்குத் தயக்கம் என்றும் நீதிபதிகள் குறிப்பிட்டனர். தமிழ்ச்சொல்லில் அந்தச் சிக்கல் இல்லை. அதில் இருப்பது புதுமை. அந்தப் பெண் தம் விருப்பப்படி தோழியோடு செல்லலாம் என்றும், குடும்பத்தார் குறுக்கிடக் கூடாது, தேவைப்படும்போது காவல்துறை பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்றும் உத்தரவாயிற்று.