ஹெல்டர் ஸ்கெல்டர்: அரசு வக்கீல் சொன்ன கதை

1976 ஏப்ரல் 1, 2. அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் அமெரிக்காவின் சிபிஎஸ் சேனல் ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ என்ற படத்தை இரண்டு பாகமாக ஒளிபரப்பியது. 1969 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் இரண்டே இரவுகளில் ஏழு பேரைக் கொன்ற சார்ல்ஸ் மேன்சன் கும்பலின் கதை. நம்மில் பலருக்கு மேன்சன் என்றால் டாரன்டினோ படம் ஞாபகம் வரும், இல்லையென்றால் ஏதாவது பாட்காஸ்ட். ஆனால் நமக்குப் பழகிப்போன அந்த மந்திரவாதி மேன்சனை வீட்டு ஹாலுக்குள் கொண்டுவந்தது இந்த டிவி படம்தான். அந்தக் கண்கள் ‘லைஃப்’ பத்திரிகையின் அட்டையில் ஏற்கெனவே வந்திருந்தன. ஸ்டீவ் ரெயில்ஸ்பேக் என்ற நடிகர் அவற்றுக்கு உயிர் கொடுத்தார். நன்றாகவே கொடுத்தார், அதுதான் சிக்கல்.

படத்தில் ஒரு காட்சி. நீதிமன்றத்தில் அரசு வக்கீல் வின்சென்ட் புலியோசி தன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். நின்றுபோயிருக்கிறது. நிமிர்ந்தால் மேன்சன் இவரையே பார்த்து லேசாகச் சிரிக்கிறான். திரைக்கதை ஆசிரியர் ஜோடித்த காட்சி அல்ல இது. புலியோசியே தன் புத்தகத்தில் எழுதியதுதான். அங்கே அதைத் தற்செயல் என்று சொல்லிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். கேமராவுக்குத் ‘தற்செயல்’ என்று சொல்லத் தெரியாது. கடிகாரத்தைக் காட்டும், பிறகு கண்ணைக் காட்டும். மீதியை நாமே கூட்டிக்கொள்வோம்.

வழக்கை நடத்திய அதே புலியோசி, கர்ட் ஜென்ட்ரியுடன் சேர்ந்து 1974இல் எழுதிய புத்தகம்தான் படத்துக்கு மூலம். படத்தில் புலியோசியாக வரும் ஜார்ஜ் டிசென்ஸோ நேராகக் கேமராவைப் பார்த்து நம்மிடம் பேசுவார். அதாவது நம்மை ஜூரி பெட்டியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். என்ன, குறுக்கு விசாரணை மட்டும் கிடையாது.

நிஜ வழக்கில் புலியோசிக்கு இருந்த தலைவலி வேறு. நடிகை ஷேரன் டேட் உட்பட ஐந்து பேர் செத்த சியலோ டிரைவ் வீட்டுக்கு அன்றிரவு மேன்சன் போகவே இல்லை. மறுநாள் லாபியாங்கா தம்பதியின் வீட்டுக்குப் போனான். அவர்களைக் கட்டிப்போட்டுவிட்டு, கொலையை மற்றவர்களிடம் விட்டுக் கிளம்பிவிட்டான். கத்தி பிடிக்காதவனைக் கொலைகாரன் என்று நிறுவ வேண்டும். பொதுவாகக் கொலை வழக்கில் நோக்கத்தை நிரூபித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. இங்கே அது இல்லாமல் மேன்சனைத் தொடவே முடியாது. அப்படித்தான் பீட்டில்ஸ் பாட்டிலிருந்து கருப்பர்-வெள்ளையர் யுத்தத்தைக் கணித்த தீர்க்கதரிசி, அதைத் தொடங்கிவைக்கக் கொலை செய்யச் சொன்னான் என்ற கதை வழக்கின் முதுகெலும்பானது.

கதை பொய் என்று நான் சொல்லவில்லை. கும்பலில் இருந்தவர்களே சாட்சி சொன்னார்கள். லாபியாங்கா வீட்டு ஃப்ரிட்ஜில் அந்த வார்த்தை ரத்தத்தால் எழுதப்பட்டிருந்தது, அதுவும் எழுத்துப்பிழையோடு. ஆனால் இன்னொரு வரிசையும் இருக்கிறது. ஜூலை கடைசியில் கேரி ஹின்மன் கொல்லப்பட்டார், அவர் வீட்டுச் சுவரிலும் ரத்த எழுத்து. ஆகஸ்ட் 6ஆம் தேதி அந்தக் கொலைக்காகக் கும்பலைச் சேர்ந்த பாபி போசோலே கைதானான். அவன் உள்ளே இருக்கும்போதே அதே மாதிரி கொலைகள் நடந்தால், ஆள் இவன் இல்லை என்று போலீஸ் நினைக்குமல்லவா? யுத்தக் கனவை விட இது எனக்குச் சாதாரணமாக, அதனாலேயே நம்பும்படியாகப் படுகிறது. ஆனால் இதில் தீர்க்கதரிசி கிடையாது, கூட்டாளியைக் காப்பாற்றப் பார்க்கும் ரவுடிக் கும்பல் மட்டுமே. டிவிக்கு இது எடுபடாது.

டிவியின் மேல் மட்டும் பழி போட்டால் நியாயமில்லை. இந்த வழக்கில் டிவி செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1969 டிசம்பரில் சூசன் அட்கின்ஸின் வாக்குமூலம் ‘லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்’ நாளிதழில் வந்தது. கொலை முடிந்து காரில் போகும்போதே ரத்தக்கறை துணிகளை மாற்றி, வழியில் ஒரு சரிவில் வீசினோம் என்று அதில் இருந்தது. கேஏபிசி சேனல்காரர்கள் சிலர் சியலோ டிரைவிலிருந்து காரைக் கிளப்பினார்கள். ஓடும் வண்டியிலேயே துணி மாற்றினார்கள், அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறதென்று பார்த்தார்கள். மாற்றி முடித்த இடத்தில் இறங்கித் தேடினால், கீழே நிஜமாகவே அந்தத் துணிகள்! நான்கு மாதம் போலீஸ் கண்ணில் படாத சாட்சியம். எங்கள் வேலையில் ஒரு பக் வந்தால் முதலில் கேட்பது, “ரீப்ரொட்யூஸ் பண்ண முடியுதா?” என்பதைத்தான். அவர்கள் செய்தது அச்சு அசல் அதுவே. அவர்களும் நடித்துத்தான் பார்த்தார்கள், ஆனால் ஒன்றைக் கண்டுபிடிப்பதற்காக. 1976 படம் நடித்தது, ஏற்கெனவே தீர்ப்பான ஒன்றைத் திரும்பச் சொல்ல.

தீர்ப்பானது என்றேனா, முழுசாக ஆகவில்லை. லெஸ்லி வான் ஹூட்டனின் வக்கீல் ரொனால்ட் ஹியூஸ், 1970 நவம்பரில் வழக்கு நடக்கும்போதே காணாமல் போனார். அவர் பிணம் கிடைத்தது 1971 மார்ச் 29, ஜூரி மரண தண்டனை சொன்ன அதே நாள். (மறு வருடமே கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை ரத்து செய்ய, எல்லோருக்கும் அது ஆயுள் தண்டனையானது.) பாதியில் வந்த புது வக்கீல் முந்தைய சாட்சிகளைப் பார்த்ததே இல்லை. இதனால் லெஸ்லிக்கு மறு விசாரணை வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1976 ஆகஸ்டில் உத்தரவிட்டது. படம் ஒளிபரப்பாகி நான்கு மாதம்கூட முழுதாக முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன.

1977இல் புது ஜூரி உட்கார்ந்தது. இப்போது எதிர்த்தரப்பின் வாதம் என்ன தெரியுமா? எல்எஸ்டியும் மேன்சனின் பிடியும் சேர்ந்ததில் லெஸ்லியின் புத்தி அவர் வசமே இல்லை. அதாவது, அரசுத்தரப்பு உருவாக்கி டிவி ஊர்ஊராகக் கொண்டுபோன அதே மந்திரவாதி, எதிர்க்கட்சிச் சாட்சியாகத் திரும்பி வந்துவிட்டான். புலியோசி முதல் வழக்கில் கயிற்றின் மேல் நடந்திருந்தார்: மேன்சன் சொன்னால் இவர்கள் எதையும் செய்வார்கள், ஆனால் செய்தது இவர்கள் சொந்த விருப்பத்தில். நீதிமன்றத்தில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். படத்தில் முதல் பாதிதான் மனசில் நிற்கிறது, பெண்கள் வெறும் பொம்மைகளாகச் சிரித்துக்கொண்டு போகிறார்கள். இரண்டு இரவும் கொலை செய்த டெக்ஸ் வாட்ஸன் அந்தக் கண்களுக்குப் பின்னால் மங்கிப்போகிறான்.

ஜூரி பிளந்தது. முதல்நிலைக் கொலை என்று ஏழு பேர், அதைவிடக் குறைந்த குற்றம் என்று ஐந்து பேர். முடிவு இல்லை. மூன்றாவது விசாரணையில் அரசுத்தரப்பு, கொள்ளையின்போது நடந்த கொலை என்ற சட்டப்பிரிவைப் பிடித்துக்கொண்டது. அந்த வீட்டிலிருந்து துணிமணி, கொஞ்சம் சில்லறைக் காசு என்று எடுத்துப் போயிருந்தார்கள். யுத்தத்தையும் தீர்க்கதரிசியையும் நம்பாமல் திருட்டின் மேலும் வழக்கை நிறுத்தியபோது 1978இல் தண்டனை உறுதியானது. 2023 ஜூலையில், 73 வயதில், லெஸ்லி பரோலில் வெளியே வந்தார்.

சியலோ டிரைவில் முதலில் செத்தது 18 வயது ஸ்டீவன் பேரன்ட். அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பையனிடம் ஒரு கிளாக் ரேடியோவை விற்க முடியுமா என்று கேட்க வந்தவன். வாசலைத் தாண்டுவதற்குள் காரிலேயே சுட்டுவிட்டார்கள். அவனுக்கு ஷேரன் டேட்டையும் தெரியாது, மேன்சனையும் தெரியாது.