ஞான நூல்களுக்கு அட்டை போட்டவர்கள்

1945 டிசம்பரில், தெற்கு எகிப்தின் நாக் ஹம்மாதி ஊருக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் உரமண் தோண்டப்போன விவசாயிகளுக்கு ஒரு ஜாடி கிடைத்தது. ஜின் அடைபட்டிருக்குமோ என்று பயந்தார்களாம். தங்கமாகவும் இருக்கலாமே என்ற ஆசையில் உடைத்தார்களாம். உள்ளே தோல் அட்டை போட்ட பழைய புத்தகங்கள். அவற்றில் கொஞ்சம் வீட்டு அடுப்புக்குப் போயிற்று என்பார்கள். இந்தக் கதையில் பாதியை ஆய்வாளர்கள் இன்று நம்புவதில்லை. புத்தகங்கள் நிஜம்.

மிஞ்சியவை 12 புத்தகங்களும் 13-ஆவதன் சில தாள்களும். அவற்றுக்குள் 52 நூல்கள், எல்லாம் எகிப்தின் கோப்டிக் மொழியில். பரங்கிமலையில் நாம் நினைவுகூரும் அதே தோமையார் பெயரில் ஒரு நற்செய்தி இருக்கிறது: இயேசு சொன்னதாக 114 வாசகங்கள். சிலுவைப்பாடும் இல்லை, உயிர்த்தெழுந்த கதையும் இல்லை. தன்னை அறிந்தவனுக்கே இறைவன் தெரிவான் என்பதுதான் இந்த நூல்கள் பலவற்றின் சாரம். கேட்டு நம்புவது போதாது, கண்டு அறிய வேண்டும்.

திருச்சபை இதைச் சும்மா விடுமா? கி.பி. 180 வாக்கிலேயே லியோன் நகர பிஷப் இரேனியஸ் ஐந்து பாகங்களில் கண்டனம் எழுதிவிட்டார். ஜாடி கிடைக்கும்வரை, இப்படி அறிவதையே வழியாகக் கொண்ட ஞானவாதிகளை உலகம் பெரும்பாலும் இப்படிப்பட்ட எதிராளிகள் வாயிலாகவே அறிந்திருந்தது. 367-இல் அலெக்சாண்டிரியா பிஷப் அதனாசியுஸ், புதிய ஏற்பாட்டுக்கு 27 நூல்கள்தான் என்று பட்டியலிட்டு, கள்ள நூல்களைத் தொடாதீர்கள் என்று ஈஸ்டர் மடல் அனுப்பினார். அதற்குப் பயந்துதான் யாரோ ஜாடியில் புதைத்தார்கள் என்பது பிரபலமான யூகம். அழகான யூகம், சான்று கிடையாது.

என்னை இழுப்பது புதைத்த கதையல்ல, அட்டைகள்தான். பப்பைரஸ் தாள்களை அடுக்கி நடுவில் மடித்துத் தைத்து, ஆட்டுத்தோல் உறை போட்டிருக்கிறார்கள். உறை விறைப்பாக நிற்க, உள்ளே பழைய பப்பைரஸ் துண்டுகளைப் பசைபோட்டு ஒட்டியிருக்கிறார்கள். 7-ஆம் புத்தகத்தின் அட்டையைப் பிரித்தபோது 341, 346, 348 என்று ஆண்டு குறித்த பத்திரங்கள் வந்தன. ஆக, அந்த அட்டை 348-க்கு முந்தியதாக இருக்க முடியாது. கூடவே ஒரு கடிதம். புரோத்தேரியா என்ற பெண் இரண்டு துறவிகளுக்கு எழுதியது: இங்கே வைக்கோல் கிடைக்கவில்லை, உங்கள் பக்கம் இருந்தால் ஒரு வண்டி என்ன விலை என்று சொல்லியனுப்புங்கள்.

அதே அட்டைக்குள் ஆதியாகமத்தின் கிழிந்த துண்டுகளும் இருந்தன. பக்கோமியுஸ் என்ற துறவி நிறுவிய பெரிய மடங்கள் அருகிலேயே இருந்தன. அங்கிருந்த துறவிகளே இந்தப் புத்தகங்களைச் செய்தார்கள் என்று ஒரு சாரார். அட்டைக்குள் ஒட்டிய குப்பைத் தாள் எங்கிருந்தும் வரலாமே என்று மறு சாரார். நான் முதல் கட்சி. பட்டியல் போட்ட பிஷப்புக்கு ஏற்ற நூலுக்கும் கள்ள நூலுக்கும் இடையிலான எல்லை தெளிவாகத் தெரிந்திருக்கலாம். மடத்தில் உட்கார்ந்து படித்தவருக்கு அப்படித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 6-ஆம் புத்தகத்தில் பிளேட்டோவின் 'குடியரசு' நூலிலிருந்து ஒரு பகுதிகூட, மோசமான மொழிபெயர்ப்பில், இருக்கிறது. அதே புத்தகத்தின் எழுத்தர் ஓரிடத்தில் குறிப்பு எழுதுகிறார்: இந்த மாதிரி நூல்கள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன, உங்களிடம் ஏற்கெனவே இருக்குமோ என்று எண்ணி மற்றவற்றைப் பிரதியெடுக்கவில்லை என்று.