தோளுக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு கட்டை

1949-இல் சோவியத் ராணுவம் ஏ.கே. துப்பாக்கியை ஏற்றுக்கொண்டபோதே அது இரண்டு வடிவங்களில் வந்தது. ஒன்றுக்குத் தோளில் பதியும் மரக்கட்டை. இன்னொன்றுக்கு அடிப்பக்கமாக மடங்கும் இரும்புக் கட்டை. குழல், விசை, மேகசின் எல்லாம் ஒன்றேதான். நடந்து போகும் காலாட்படைக்கு முதலாவது, விமானத்திலிருந்து குதிக்கும் பாராசூட் படைக்கு இரண்டாவது. கிட்டத்தட்ட 87 செ.மீ. நீளத் துப்பாக்கி, மடக்கினால் 65 செ.மீ.க்குள் அடங்கிவிடும். வடிவமைத்த கலாஷ்னிகோவ் டாங்கிப் படையில் சார்ஜெண்டாக இருந்தவர். இடுக்கான இடத்தில் நீளமான ஆயுதம் படுத்தும் பாட்டை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த மரக்கட்டையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். சுடும்போது பின்னோக்கி வரும் உதையை வாங்கித் தோளில் பரப்புவது அதுதான். கன்னம் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பதிந்தால்தான் கண்ணும் குறியும் ஒரே கோட்டில் நிற்கும். அதற்கும் அதுவே ஆதாரம். அதன் அடிமுனையில் ஒரு சிறு மூடி உண்டு. விரலால் அழுத்தினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஓர் உருளை டப்பாவை வெளியே தள்ளும். துப்பாக்கியைச் சுத்தம் செய்யும் தூரிகையும் கருவிகளும் அதற்குள். டப்பாவே சுத்தம் செய்யும் கம்பிக்குக் கைப்பிடியாகவும் ஆகிவிடும்.

மடக்குக் கட்டையில் இந்த வசதி கிடையாது. ஜெர்மானியரின் எம்.பி. 40 துப்பாக்கியில் இருந்த ஏற்பாட்டை ஒட்டிய அமைப்பு அது. இரண்டு இரும்புப் பட்டைகள், நுனியில் தோளுக்கு ஒரு தகடு. மடக்கினால் பட்டைகள் மேகசினுக்கு இருபுறமும் வந்து நிற்கும். விரித்தால், கன்னத்துக்குக் கிடைப்பது வெறும் இரும்பு. ரஷ்யக் குளிரில் அந்த இரும்பில் கன்னத்தை வைப்பது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாள்பட்டால் மூட்டு தேய்ந்து ஆட ஆரம்பிக்கும். கட்டை ஆடினால் குறியும் ஆடும். அந்தக் காலத்து மரக்கட்டையைத்தான் நான் நல்ல கட்டை என்பேன். மடக்குக் கட்டை இடநெருக்கடிக்காகப் பொறுத்துக்கொள்ளப்பட்ட ஒன்று.

1959-இல் வந்த ஏ.கே.எம்.மில் கட்டை ஒட்டுப்பலகையாகி, சற்று மேலேயும் உயர்ந்தது. சுடும்போது முன்முனை மேலெழுவதைக் குறைக்க அந்த உயர்வு உதவியது. அடுத்து வந்த ஏ.கே. 74-இன் மரக்கட்டையில் இருபக்கமும் நீளமாக ஒரு பள்ளம் செதுக்கியிருந்தார்கள். தோட்டாவின் அளவு மாறிவிட்டதால் இரண்டையும் பிரித்தறிய வேண்டியிருந்தது; இருட்டிலும் பழைய துப்பாக்கியா புதியதா என்று அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மடக்குக் கட்டையும் அப்போது திருந்தியது. முக்கோணச் சட்டமாகி, அடியில் மடங்குவதை விட்டு இடப்பக்கமாக மடங்கத் தொடங்கியது. பழையதைவிட இது உறுதி. ஆப்கானிஸ்தான் போரில் சோவியத் வீரர்கள் இந்தச் சட்டத்தில் ரத்தக் கசிவை நிறுத்தக் கட்டும் ரப்பர் பட்டையைச் சுற்றி வைத்துக்கொண்டார்கள். அடிபட்டால் உடனே கைக்கு எட்டும். அதுவரை கன்னத்துக்கு மெத்தை. எந்த வரைபடத்திலும் இல்லாத இந்தத் திருத்தம் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தக் கட்டையில் என்ன குறை என்பதை, அதைத் தோளில் வைத்துச் சுட்டவனே தன் கையால் சொல்லிவிட்டான்.

1991-இல் ஏ.கே. 74எம் வந்ததும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேவையே போய்விட்டது. கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கில் முழுக்கட்டை; தோளுக்கும் கன்னத்துக்கும் மரக்கட்டை போலவே நிறைவாகப் பதியும், சுத்தம் செய்யும் டப்பாவுக்கும் உள்ளே இடம் உண்டு, இடப்பக்கமாக மடங்கவும் செய்யும். காலாட்படைக்கும் பாராசூட் படைக்கும் ஒரே துப்பாக்கி. தொழிற்சாலையில் இரண்டு வகை செய்யும் வேலையும் மிச்சம்.

அந்த வரிசையின் இன்றைய வாரிசு ஏ.கே. 203, இப்போது உத்தரப்பிரதேசத்தில் அமேதி அருகே கோர்வாவில் இந்திய ராணுவத்துக்காகத் தயாராகிறது. அதன் கட்டை மடங்குவதோடு நீளவும் குறுகவும் செய்யும். குண்டு துளைக்காத தடித்த அங்கி அணிந்தவருக்குத் தோளுக்கும் விசைக்கும் உள்ள தூரம் மாறிவிடுகிறது. அவர் கட்டையைச் சற்று உள்ளே தள்ளிக்கொண்டால் போதும்.