25 நிமிஷ அவகாசம்

1901-ஆம் வருஷத்துக் கோடையில், கடலாராய்ச்சியில் தீராத மோகம் கொண்டிருந்த மொனாக்கோ அரசர் முதலாம் ஆல்பர்ட், சார்ல்ஸ் ரிஷே, பால் போர்ட்டியே என்ற பிரெஞ்சு விஞ்ஞானிகள் இருவரைத் தம் கப்பலில் அழைத்துச் சென்று, மேனியில் பட்டமாத்திரத்தில் தாங்கொணா வேதனை தரும் ஃபைசாலியா என்ற, சொறிமீனை ஒத்த பிராணியின் விஷத்தை ஆராயும்படி தூண்டினார். ஊர் திரும்பியபின் அந்தப் பிராணி அகப்படாமற்போகவே, அவர்கள் பிரெஞ்சுக் கடலோரத்துக் கடற்சாமந்தியின் விஷத்தைக் கொண்டு பரிசோதனையைத் தொடர்ந்தார்கள். முன்கூட்டிச் செலுத்தினால் நாயின் உடல் விஷத்துக்குப் பழகிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. நெப்டியூன் என்ற திடகாத்திரமான நாய் முதல் ஊசியைச் சிரமமின்றித் தாங்கிற்று. சில வாரங்கள் கழித்து, பூரண ஆரோக்கியத்தோடிருந்த அதற்கு அதே அளவு விஷத்தை மறுபடி செலுத்தியபோதோ, சில விநாடிகளுக்குள் மூச்சுத் திணறி, நடக்கமாட்டாமல் சாய்ந்து, இரத்தம் கக்கி, 25 நிமிஷத்தில் பிராணனை விட்டது. 1902-இல் வெளியான, அனஃபைலாக்சிஸ் எனப்படும் இந்தக் கடும் ஒவ்வாமை பற்றிய ஆராய்ச்சிக்காக ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. போர்ட்டியேவுக்கே பங்கில்லை என்றால் நெப்டியூனைப் பற்றிக் கேட்பானேன்!

விசித்திரம் என்னவென்றால், நோய்க்கு நாமகரணம் ஆகுமுன்பே அதன் மருந்து பிறந்துவிட்டது. 1900-இல், நியூயார்க்கிலிருந்த ஜோக்கிச்சி தகாமினேயின் ஆய்வுக்கூடத்தில், அவருடைய உதவியாளர் கெய்சோ உயேனாகா, சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பியிலிருந்து அட்ரினலினைப் படிகமாகப் பிரித்தெடுத்திருந்தார். தாழ்ந்த இரத்த அழுத்தத்தை உயர்த்தி, இறுகிய மூச்சுக்குழாய்களை விரித்து, தொண்டை வீக்கத்தையும் வற்றச்செய்யும் இம்மருந்துக்கு இன்றளவும் மாற்றில்லை.

ஆயினும் அது நெடுங்காலம் வைத்தியர் பையிலேயே கிடந்தது. பிரிட்டனில் அனஃபைலாக்சிஸ் மரணங்களை ஆராய்ந்து ரிச்சர்ட் பம்ஃப்ரி 2000-இல் வெளியிட்ட கணக்கிலே, மூச்சோ இதயமோ நிற்பதற்கு, நடுமதிப்பாக, உணவினால் 30 நிமிஷமும், பூச்சிக்கடியால் 15 நிமிஷமும், சிகிச்சைக்காகச் செலுத்திய மருந்தினால் 5 நிமிஷமுமே ஆயின. வைத்தியரை அழைத்துவர ஆள் அனுப்பும் அவகாசம் அது அன்று. இக்குறையைத் தீர்த்தது, சொல்லச் சங்கடந்தான், யுத்த ஆயத்தம். விஷவாயுவுக்கு மாற்று மருந்தைச் சிப்பாய் தன் உடையின் மேலாகவே தொடையில் குத்திக்கொள்ளும்படி ஷெல்டன் காப்லான் முதலியோர் அமைத்த தானியங்கி ஊசியில், பின்னர் அட்ரினலினை நிரப்பினார்கள். 1987-இல் அமெரிக்காவில் எபிபென் என்ற பெயரோடு அதற்கு அனுமதி கிடைத்தது. காப்பு மூடியைக் கழற்றி, தொடையின் வெளிப்புற நடுவில் அழுத்திச் சில விநாடி பிடித்தால், பெரியவருக்குரிய 0.3 மில்லிகிராம் தசைக்குள் இறங்கிவிடும். குணம் தெரியாவிட்டால் 5 நிமிஷத்துக்குப் பின் இரண்டாவது ஊசி.

அரிப்பு மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருப்பது எனக்கு என்றைக்கும் பயமூட்டும் வழக்கம். அது தடிப்பைத் தணிக்குமேயன்றி மூச்சைக் காவாது. துவண்டவரை உபசாரமாகத் தூக்கி உட்காரவைப்பது அதனினும் ஆபத்து, இதயத்துக்குத் திரும்பவேண்டிய இரத்தம் காலிலேயே தங்கிவிடுமாகையால். மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை உயர்த்துவதே முறை. மூச்சிரைப்பவர் மட்டும் கால் நீட்டிச் சாய்ந்திருக்கலாம். நம் நாட்டு மருந்துக்கடைகளில் அந்த எபிபென் எளிதில் அகப்படுவதில்லை. 1 மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம் கொண்ட கண்ணாடிக் குப்பியும் சிரிஞ்சுமாக, மருந்து இங்கே பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கிறது.